பதினெட்டில் இரண்டு: பயிற்சியாளர் செய்தது தவறா?



உங்கள் பள்ளியில் கூடைப்பந்து ஆடுகளம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஆட்டத்தின் அடிப்படை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அணிக்கு ஐந்து பேர். பத்தடி உயரத்தில் உள்ள வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். அருகிலிருந்து போட்டால் இரண்டு புள்ளிகள். தரையில் வரையப்பட்டுள்ள பெரிய வளைகோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளிகள். ஆடுவோரில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்று முடிவு செய்பவர் பயிற்சியாளர்.

அப்படி ஒரு பயிற்சியாளர் எடுத்த முடிவைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். விளையாட்டுச் செய்தி அறிவியல் இதழில் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த முடிவுக்குள் நிகழ்தகவுக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலிலும் இருக்கிறது.

அந்த இரவு

1994ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரம். அந்நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.யின் இறுதித் தொடர் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் தலா மூன்று ஆட்டங்களில் வென்றிருந்தன. ஏழாவது ஆட்டத்தில் வெல்பவருக்கே கோப்பை.

நியூயார்க் அணியில் ஜான் ஸ்டார்க்ஸ் என்ற ஆட்டக்காரர் இருந்தார். அன்றைய ஆட்டத்தில் அவர் 18 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். 2 முறைதான் உள்ளே விழுந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து மட்டும் 11 முறை எறிந்தார். ஒன்றுகூட விழவில்லை. நியூயார்க் அணி 90க்கு 84 என்ற கணக்கில் தோற்றது. வேறுபாடு ஆறே புள்ளிகள்.

ஆட்டம் முழுவதும் ஸ்டார்க்ஸை விட்டுக் கொடுக்காமல் களத்தில் வைத்திருந்தவர் பயிற்சியாளர் பேட் ரைலி. அவர் சாதாரணமானவர் அல்லர். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு 1982, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வாங்கித் தந்தவர். அன்று அவரது அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் ரோலாண்டோ பிளாக்மேன் உட்கார்ந்திருந்தார். 35 வயது. டல்லாஸ் அணியில் ஆடிய நாட்களில் நான்கு முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். குறி தவறாமல் எறிவதில் பெயர் பெற்றவர். அந்த ஏழு ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட அவர் களமிறக்கப்படவில்லை.

அன்று பிளாக்மேனை இறக்காமல் விட்டது தம் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று ரைலியே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பத்திரிகைகளும் ரசிகர்களும் அதையே சொன்னார்கள். எனவே இந்த வழக்கில் தீர்ப்பு முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம்.

நான் அப்படி நினைக்கவில்லை. ரைலி ஒரு தவறு செய்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் சுட்டிக்காட்டும் தவறு அதுவன்று. எனக்குத் தோன்றும் காரணத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். கையில் பென்சிலும் தாளும் இருந்தால் நல்லது.

யார் இந்த ஸ்டார்க்ஸ்?

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ஸ்டார்க்ஸ் பெரிய அணிகள் போட்டி போட்டுக்கொண்டு தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர் அல்லர். ஆண்டுதோறும் நடக்கும் புதிய ஆட்டக்காரர் தேர்வில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பலசரக்குக் கடையில் வாடிக்கையாளர்களின் பைகளில் பொருட்களை அடுக்கிக் கொடுக்கும் வேலை பார்த்தவர். சிறிய அணிகளில் ஆடி, 1990இல் நியூயார்க் அணியின் கதவைத் தட்டி உள்ளே வந்தார். 1991இல் அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்த ரைலி அவரை நம்பி முக்கிய இடத்தில் ஆட வைத்தார். 1994இல் ஸ்டார்க்ஸ் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்.

1993-94ஆம் ஆண்டுப் பருவத்தில் அவரது கணக்கு இது: ஆட்டத்துக்குச் சராசரியாக 19 புள்ளிகள். எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 42 கூடையில் விழுந்தன. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவற்றில் நூற்றுக்குச் சுமார் 33 முதல் 34 வரை, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒன்று விழுந்தது.

இன்னொரு செய்தியும் முக்கியம். ஏழாவது ஆட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் ஆறாவது ஆட்டம் நடந்தது. அதில் இதே ஸ்டார்க்ஸ் 27 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 16 புள்ளிகள் கடைசிக் கால் பகுதியில் வந்தவை. கடைசி நொடிகளில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்தை ஹியூஸ்டன் அணியின் ஹக்கீம் ஒலாஜுவான் விரல் நுனியால் தட்டிவிட்டார். அது உள்ளே விழுந்திருந்தால் அன்றே கோப்பை நியூயார்க்குக்குப் போயிருக்கும். ஏழாவது ஆட்டமே நடந்திருக்காது.

ஆக, ஏழாவது ஆட்டம் தொடங்கியபோது ரைலியின் மனத்தில் இருந்த ஸ்டார்க்ஸ் இவர்தாம்.

முடிவு எடுக்கும் நேரத்தில் என்ன தெரியும்?

ஒரு முடிவு சரியா தவறா என்று பார்க்கும்போது நாம் வழக்கமாக ஒரு பிழை செய்கிறோம். பின்னால் நடந்ததைத் தெரிந்து வைத்துக்கொண்டு முன்னால் எடுத்த முடிவை எடை போடுகிறோம். மழை பெய்துவிட்டால், "குடை எடுத்துப் போகாதது முட்டாள்தனம்" என்கிறோம். காலையில் வானம் எப்படி இருந்தது என்று கேட்பதில்லை.

18இல் 2 என்பது ஆட்டம் முடிந்த பிறகு கிடைத்த கணக்கு. ரைலிக்கு அது முன்கூட்டித் தெரியாது. ஓர் ஆட்டம் நான்கு கால் பகுதிகள் கொண்டது. நான்காவது கால் பகுதி தொடங்கும்போது ஸ்டார்க்ஸின் கணக்கு 8இல் 1. மீதிப் பத்து எறிகளும் கடைசிக் கால் பகுதியில் எறியப்பட்டவை. அவற்றிலும் ஒன்றே விழுந்தது. எனவே ரைலியிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: நூற்றுக்கு 42 விழுக்காட்டுத் திறமை உள்ள ஒருவர் 8இல் 1 எடுத்தால், அவருக்கு ஏதோ கோளாறு என்று முடிவு கட்டலாமா?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான ஐந்து சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் "விழுந்தது" என்றும் மூன்றில் "தவறியது" என்றும் எழுதுங்கள். மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இப்படி எட்டு முறை எடுங்கள். இந்த டப்பாவின் "திறமை" நூற்றுக்கு 40. அது ஸ்டார்க்ஸின் திறமைக்கு அருகில் உள்ளது. டப்பாவுக்குக் களைப்பு இல்லை, பயம் இல்லை, முழங்கால் வலியும் இல்லை.

உங்கள் வகுப்பில் 40 பேர் இதைச் செய்தால் என்ன ஆகும்? நிகழ்தகவுக் கணக்குப்படி, ஏறத்தாழ நான்கு பேருக்கு எட்டில் ஒன்றோ, ஒன்றும் இல்லாமலோ வரும். அந்த நான்கு பேரின் டப்பாக்கள் கெட்டுப் போனவை அல்ல. மற்றவர்களின் டப்பாக்களைப் போன்றவையே.

42 விழுக்காட்டை வைத்துச் சரியாகக் கணக்கிட்டால், எட்டில் ஒன்றோ அதற்குக் குறைவோ விழும் வாய்ப்பு நூற்றுக்கு 8.7 என்று வரும். சுமார் பதினோரு முறைக்கு ஒரு முறை. அதாவது, எந்தக் கோளாறும் இல்லாத ஸ்டார்க்ஸுக்கே பதினோரு ஆட்டங்களில் ஒன்றின் முதல் எட்டு எறிகள் இப்படித்தான் போகும். இதைப் பார்த்து ஒரு பயிற்சியாளர் பதறினால் அவர் ஒவ்வொரு மாதமும் பதற வேண்டியிருக்கும்.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். ஓர் ஆட்டக்காரர் 1,000 முறை எறிந்து 420 முறை வெற்றி பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனுடன் இன்றைய 8இல் 1ஐச் சேர்த்தால் 1,008இல் 421. சதவீதம் 42இலிருந்து 41.8 ஆகிறது. அவ்வளவுதான். ஆயிரம் எறிகள் சொன்ன செய்தியை எட்டு எறிகள் புரட்டிப் போட முடியாது. ஆனால் நம் மனம் ஆயிரத்தை மறந்துவிட்டு எட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஏனெனில் அந்த எட்டு நம் கண்முன் நடந்தவை.

பயிற்சியாளரின் விசுவாசம் என்று நாம் சொல்வது பல நேரங்களில் வெறும் பாசமன்று. நீண்ட கணக்குக்குக் கொடுக்கும் மரியாதை. கூட்டம் கூச்சல் போடும்போது அந்த மரியாதையைக் கைவிடாமல் இருப்பதற்குத் துணிவு வேண்டும். அந்த அளவில் நான் ரைலியின் பக்கம்.

"கை வராத நாள்" என்று ஒன்று உண்டா?

இங்கே நீங்கள் ஒரு தடை சொல்லலாம். "மனிதன் சீட்டுப் போட்ட டப்பா அல்லவே. சில நாட்களில் கை நன்றாக வருகிறது. சில நாட்களில் வருவதில்லை. விளையாடும் எல்லோருக்கும் இது தெரியுமே!"

நியாயமான தடை. இதை அறிவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1985இல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிலடெல்ஃபியா அணியினர் 1980-81 பருவத்தில் எறிந்த எறிகளின் வரிசையை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்து வெற்றி பெற்ற ஒருவர் அடுத்த எறியிலும் வெற்றி பெறும் வாய்ப்பு கூடுகிறதா என்று பார்த்தார்கள். கூடவில்லை என்று கண்டார்கள். "கை சூடு பிடித்துவிட்டது" என்பது தற்செயல் நிகழ்ச்சிகளில் நம் மனம் காணும் தோற்றம் என்றார்கள். பாஸ்டன் அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளரான ரெட் அவர்பாக் இந்த ஆய்வை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. விளையாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், புள்ளியியலாளர்கள் மறுபக்கம் என்று வாதம் நீண்டது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்த பின், ஜாஷுவா மில்லர், ஆடம் சான்ஹுர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கு முறையிலேயே ஒரு நுட்பமான பிழை இருப்பதைக் காட்டினார்கள். அவர்களது கட்டுரை 2018இல் வெளிவந்தது. அந்தப் பிழையைப் புரிந்துகொள்ளப் பெரிய கணிதம் வேண்டாம். ஒரு நாணயம் போதும்.

நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். தலை விழுந்ததற்கு அடுத்த சுண்டலில் மீண்டும் தலை விழும் விகிதம் என்ன? பாதி என்றுதானே சொல்வீர்கள்? எட்டு வகைகளையும் எழுதிப் பார்ப்போம்.

தலை-தலை-தலை: தலைக்குப் பின் இரண்டு சுண்டல்கள், இரண்டும் தலை. விகிதம் 1.
தலை-தலை-பூ: இரண்டில் ஒன்று தலை. விகிதம் அரை.
தலை-பூ-தலை: விகிதம் 0.
தலை-பூ-பூ: விகிதம் 0.
பூ-தலை-தலை: விகிதம் 1.
பூ-தலை-பூ: விகிதம் 0.
பூ-பூ-தலை, பூ-பூ-பூ: இவற்றில் தலைக்குப் பின் சுண்டலே இல்லை, கணக்கில் சேராது.

கணக்கில் சேரும் ஆறு வகைகளின் விகிதங்களைக் கூட்டினால் இரண்டரை. ஆறால் வகுத்தால் 12இல் 5. பாதியைவிடக் குறைவு! நாணயத்தில் எந்தச் சூதும் இல்லை. சிறிய வரிசைகளில் இப்படிச் சராசரி எடுக்கும் முறையிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. இந்தச் சாய்வு கூடைப்பந்துக் கணக்கிலும் புகுந்து, உண்மையில் இருந்த சிறு விளைவை மறைத்துவிட்டது என்பது அவ்விருவரின் வாதம். திருத்திக் கணக்கிட்டபோது முந்தைய ஆய்வின் தகவல்களிலேயே "சூடு பிடித்த கை"க்குச் சான்று தென்பட்டது.

விளையாட்டுக்காரர்கள் சொன்னது முழுப் பொய்யன்று என்று இதிலிருந்து தெரிகிறது. அறிவியலில் முப்பது ஆண்டு நிலைத்த முடிவையும் மறுபடி சோதிக்கலாம் என்பதும் தெரிகிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: நல்ல நாள், கெட்ட நாள் என்பவை இருந்தாலும், நாம் நினைக்கும் அளவுக்கு அவை எட்டு எறிகளில் தெரிந்துவிடுவதில்லை. தற்செயலும் உண்மைக் கோளாறும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

திட்டினால் திருந்துவார்களா?

தற்செயலை அறியாததால் பயிற்சியாளர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பின்னாளில், 2002இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் சொன்னது அது. அவர் ஒரு முறை இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டே நல்ல பலன் தரும் என்றார். மூத்த பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தார்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், ஆகவே பாராட்டு உதவாது, திட்டுதான் உதவும் என்பது அவர் கருத்து.

அவர் கண்டது உண்மை. ஆனால் சொன்ன காரணம் தவறு. தன் சராசரியைவிட மிக மோசமாக ஒரு முறை செய்த எவரும் அடுத்த முறை பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்புவார். திட்டினாலும் திரும்புவார், திட்டாவிட்டாலும் திரும்புவார். மிக நன்றாகச் செய்தவரும் அப்படியே. உங்கள் டப்பாவில் எட்டில் ஒன்று எடுத்தவர் மறுபடி எட்டு முறை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றைவிட அதிகமாகவே எடுப்பார். அதற்காக டப்பாவை யாரும் திட்ட வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொள்ளாத பயிற்சியாளர், தம் கோபம்தான் பலன் தந்தது என்று வாழ்நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருப்பார். அவருக்குக் கீழே ஆடும் பிள்ளைகள் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பார்கள்.

அப்படியானால் ரைலி செய்த தவறு என்ன?

இதுவரை நான் ரைலிக்காக வாதாடினேன். இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கடைசிக் கால் பகுதி நகர நகர, சான்று சேர்ந்துகொண்டே போயிற்று. 42 விழுக்காட்டுத் திறமை உள்ளவருக்கு 18இல் இரண்டோ அதற்குக் குறைவோ விழும் வாய்ப்பு சுமார் 190 முறைக்கு ஒரு முறை. மூன்றில் ஒன்று விழும் இடத்திலிருந்து எறிந்து 11ஐயும் தவறவிடும் வாய்ப்பு சுமார் 90 முறைக்கு ஒரு முறை. நடக்காததல்ல. ஒரு பருவத்தில் என்.பி.ஏ.யில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கின்றன. இப்படிப்பட்ட அரிய இரவு யாராவது ஒருவருக்கு வந்தே தீரும். ஆயினும் 11இல் ஒன்று என்பதிலிருந்து 190இல் ஒன்று என்ற அளவுக்குப் போகும்போது, "இது வெறும் தற்செயல்தானா?" என்ற கேள்வி வலுக்க வேண்டும்.

அப்போது எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. காரணத்தைத் தேட வேண்டும். ஸ்டார்க்ஸுக்கு அந்த ஆண்டு மார்ச் மாதம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அதனால் அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் அவர் ஆடியது 59 மட்டுமே. களைப்பு கால்களில் வந்தால் தொலைவிலிருந்து எறியும் பந்துதான் முதலில் பாதிக்கப்படும். ஏனெனில் அந்த எறிக்கு வேண்டிய விசையில் பெரும் பங்கு கால்களிலிருந்து வருகிறது. அன்று அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி நடக்கிறதா என்று பார்ப்பது பயிற்சியாளரின் வேலை என்று சொல்கிறேன். பந்து விழுந்ததா இல்லையா என்பதைவிட, எறிந்த விதம் சரியா என்பது நல்ல சான்று. சரியாக எறிந்து தவறினால் தொடரச் சொல்லலாம். எறியும் விதமே குலைந்திருந்தால் ஓய்வு கொடுக்க வேண்டும். நம்பிக்கை வைப்பதும் கண்களைத் திறந்து வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

ஆனால் என் கருத்தில், உண்மையான தவறு கடைசிக் கால் பகுதியில் நிகழவில்லை. அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

பிளாக்மேனை நினைத்துப் பாருங்கள். ஆறு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. அவர் ஒரு நிமிடமும் ஆடவில்லை. ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில், "ஸ்டார்க்ஸா, பிளாக்மேனா?" என்ற கேள்வி எழும்போது ரைலியிடம் பிளாக்மேனைப் பற்றிய புதிய கணக்கு எதுவும் இல்லை. 35 வயதில் இந்த எதிரணிக்கு எதிராக அவரது கை எப்படி வரும்? தெரியாது. தெரியாதவரை நம்பிக் கோப்பையைப் பணயம் வைக்கலாமா? வைக்க முடியாது என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் நினைப்பார்.

ஏன் தெரியவில்லை? ரைலி அவருக்கு வாய்ப்புக் கொடுக்காததால் தெரியவில்லை. ஸ்டார்க்ஸின் கணக்கில் நல்லதும் கெட்டதும் இருந்தன. பிளாக்மேனின் கணக்கு மோசமாக இருக்கவில்லை, காலியாக இருந்தது. காலித்தாளும் சுழியும் ஒன்றல்ல. ஆனால் அவசர நேரத்தில் நாம் காலித்தாளைச் சுழியாகவே படித்துவிடுகிறோம்.

ஒரு சோதனைச் சாலையில் எப்போதும் ஒரே மருந்தை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால், மற்ற மருந்து நல்லதா என்று ஒருநாளும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால், சிறு இழப்பு வந்தாலும் பரவாயில்லை என்ற நேரங்களில் மற்றதையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். முன் ஆட்டங்களில் நாளுக்கு ஐந்து நிமிடம் பிளாக்மேனை இறக்கியிருந்தால், ஏழாவது ஆட்டத்தின் கடைசியில் ரைலிக்கு உண்மையில் இரண்டு வழிகள் இருந்திருக்கும். அவர் அதன் பின்னும் ஸ்டார்க்ஸையே தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்படித் தேர்ந்தெடுத்துத் தோற்றிருந்தாலும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆக என் தீர்ப்பு இது: ஒருவரை நம்பியது தவறன்று; மற்றவரைத் தெரிந்துகொள்ளாமல் விட்டதே தவறு.

அதற்குப் பின்

அந்த இரவோடு ஸ்டார்க்ஸின் கதை முடியவில்லை. ரைலி அவரைத் தூக்கி எறியவுமில்லை. அடுத்த 1994-95 பருவத்தில் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 217 முறை பந்தைக் கூடையில் போட்டார். ஒரே பருவத்தில் 200ஐத் தாண்டிய முதல் என்.பி.ஏ. ஆட்டக்காரர் அவரே. 11இல் ஒன்றும் போடாதவர் என்று உலகம் சிரித்த மனிதர்தாம் இவர்.

இங்கே நாம் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தில்தான் என்.பி.ஏ. மூன்று புள்ளிக் கோட்டை வளையத்துக்கு அருகே கொண்டு வந்தது. எனவே அந்தச் சாதனை முழுவதையும் ஸ்டார்க்ஸின் மன உறுதிக்கோ ரைலியின் நம்பிக்கைக்கோ கணக்கெழுதிவிடக் கூடாது. கோடு மாறியதற்கும் அதில் பங்கு உண்டு. நமக்குப் பிடித்த முடிவு கிடைக்கும்போதும் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுவதுதான் அறிவியல் மனப்பான்மை. ஆனால் ஒன்று உறுதி: ஓர் இரவின் கணக்கை வைத்து அவரை ஒதுக்கியிருந்தால் அந்த 217இல் ஒன்றும் நடந்திருக்காது. 1997இல் சிறந்த மாற்று ஆட்டக்காரருக்கான விருதும் அவர் கைக்கு வந்திருக்காது.

உங்கள் மதிப்பெண் பட்டியல்

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒரு மாதத் தேர்வில் கணக்கில் 100க்கு 31 வாங்கிய மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் திட்டு. வகுப்பில் தலைகுனிவு. "எனக்குக் கணக்கு வராது" என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். ஒரே ஒரு தேர்வு. எட்டோ பத்தோ கேள்விகள். எட்டு எறிகளைப் பார்த்து ஓர் ஆட்டக்காரரைக் கைவிட்ட கதைதான் இதுவும். ஆட்டக்காரருக்காவது ஒரு பயிற்சியாளர் இருந்தார். இந்த மாணவியோ தன்னைத் தானே ஆட்டத்திலிருந்து வெளியேற்றிக்கொள்கிறாள்.

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, "எல்லாம் தற்செயல்" என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அடுத்தடுத்து நான்கு தேர்வுகளில் அதே நிலை என்றால் சான்று சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது காரணத்தைத் தேடுங்கள். பாடம் புரியவில்லையா? நேரம் போதவில்லையா? கரும்பலகை சரியாகத் தெரியவில்லையா? ஒரு கண்ணாடியால் தீரக்கூடிய குறையை "மந்த புத்தி" என்று பெயர் சூட்டி ஆண்டுக்கணக்கில் சுமந்த பிள்ளைகள் உண்டு.

அடுத்தது இன்னும் முக்கியம். நாளை உங்களில் ஒருவர் வகுப்புத் தலைவர் ஆகலாம், அணித் தலைவர் ஆகலாம், ஆசிரியராகவும் ஆகலாம். அப்போது உங்களுக்கும் சில ஸ்டார்க்ஸுகள் இருப்பார்கள். அவர்களை ஒரு கெட்ட நாளுக்காகக் கைவிடாதீர்கள். ஆனால் வரிசையின் கடைசியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரையும் பாருங்கள். பேச்சுப் போட்டிக்கு எப்போதும் அதே இருவர். அறிவியல் கண்காட்சிக்கு எப்போதும் அதே மூவர். மற்றவர்களுக்குத் திறமை இல்லை என்று எப்படித் தெரியும்? அவர்கள் எறிந்து தவறவிடவில்லை. அவர்கள் கையில் பந்தே கொடுக்கப்படவில்லை.

எனவே இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். சில எறிகளைப் பார்த்து ஒருவரை எடை போடாதீர்கள். எறிவதற்கு வாய்ப்பே இல்லாமல் ஒருவரையும் உட்கார வைக்காதீர்கள். முதலாவது விசுவாசம், இரண்டாவது நீதி. இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல பயிற்சியாளர்.

அந்த ஐந்து சீட்டுகளை மறந்துவிடாதீர்கள். நாளைக்கே வகுப்பில் செய்து பாருங்கள். எட்டில் ஒன்று எடுத்த நண்பரைப் பார்த்து யாராவது சிரித்தால், மறுபடியும் எட்டு முறை எடுக்கச் சொல்லுங்கள்.